பள்ளி மைதானத்திலிருந்து ப்ரோ கபடி வரை: கடலூர், சிதம்பரம் பசங்க 'டிஃபெண்டர்' ஆவது எப்படி? முழு விளக்கம்

பொங்கல் வந்தா போதும். பண்ருட்டி, வடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, காட்டுமன்னார்கோவில் என்று கடலூர் மாவட்டம் முழுக்க ஊருக்கு ஊர் கபடி பேனர் கட்டிவிடுவார்கள். ராத்திரி லைட் வெளிச்சத்தில் மைக் சத்தம், சுத்தி நின்று கத்தும் கூட்டம், ஜெயித்த அணிக்குச் சுழற்கோப்பை. அந்தக் கூட்டத்தில் நிற்கும் பிளஸ் டூ பையனுக்கு ஒரு கேள்வி வரும்: "நாமளும் டிவியில வர்ற மாதிரி ஆட முடியுமா?"

அவன் வீட்டில் வரும் கேள்வி வேறு. "இதை நம்பி படிப்பை விட்டா என்ன ஆகும்?"

இரண்டுமே நியாயமான கேள்விதான். குறிப்பாக ரைடு போகாமல், எதிரணி ரைடரைப் பிடிக்கும் 'டிஃபெண்டர்' ஆக விரும்பும் பையனுக்கு, இந்தப் பாதை எங்கே தொடங்குகிறது, எங்கெல்லாம் திரும்புகிறது, எவ்வளவு காலம் ஆகும்? விரிவாகப் பார்ப்போம்.

டிஃபெண்டர் என்றால் யார்?

கபடியில் களத்தில் ஒரு அணிக்கு 7 பேர். ஆட்டம் 40 நிமிடம், 20 நிமிடமாக இரண்டு பாதி. எதிரணியிலிருந்து ஒருவர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வருவார். அவருக்கு 30 விநாடிதான் நேரம். யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் அவருக்குப் புள்ளி. திரும்ப விடாமல் பிடித்துவிட்டால் தடுக்கும் அணிக்குப் புள்ளி.

அந்தப் பிடிக்கும் வேலைதான் டிஃபெண்டரின் வேலை. இதில் இடத்துக்கு ஏற்ற மாதிரி பெயர் உண்டு. இரண்டு ஓரத்தில் நிற்பவர்கள் கார்னர். இடது கார்னர், வலது கார்னர் என்று இரண்டு பேர். அவர்களுக்கு உள்பக்கம் நிற்பவர்கள் கவர்.

கார்னரில் நிற்பவரின் முக்கிய ஆயுதம் கணுக்கால் பிடி. போனஸ் கோட்டைத் தொட ரைடர் கால் நீட்டும் நொடியில், கீழே பாய்ந்து அந்தக் காலைப் பிடிக்க வேண்டும். தொடைப் பிடியும் கார்னருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கவர் வீரரின் வேலை வேறு. ரைடர் திரும்பி ஓடும்போது தோளால் மோதி கோட்டுக்கு வெளியே தள்ளும் 'டேஷ்', குறுக்கே நின்று மறிக்கும் 'பிளாக்' ஆகியவை அவருடைய ஆயுதங்கள். இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு பிடிப்பதை 'செயின்' என்பார்கள்.

களத்தில் 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் அது 'சூப்பர் டேக்கிள்'. ஒன்றுக்குப் பதில் 2 புள்ளி. ஒரே ஆட்டத்தில் ஒருவர் 5 டேக்கிள் புள்ளி எடுத்தால் அது 'ஹை ஃபைவ்'. டிஃபெண்டருக்கு இது பெரிய கௌரவம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பாடுபவரின் வாயை மூடக் கூடாது. முடியை, உடையை இழுத்துப் பிடிக்கக் கூடாது. இரண்டு காலாலும் கத்தரி போட்டு மடக்கக் கூடாது. ஊர்ப் போட்டியில் இதில் சிலவற்றை நடுவர் கண்டுகொள்ளாமல் விடலாம். அந்தப் பழக்கத்தோடு பெரிய போட்டிக்குப் போனால் அங்கே புள்ளியும் போகும், பெயரும் போகும்.

டிஃபெண்டர் லேட்டாகத்தான் பழுப்பார். ஏன்?

ரைடருக்கு வேகம் முக்கியம். வேகம் இளம் வயதிலேயே வந்துவிடும். அதனால்தான் 19, 20 வயதிலேயே சில ரைடர்கள் ஸ்டார் ஆகிவிடுகிறார்கள்.

டிஃபெண்டருக்குத் தேவை பொறுமையும் கணிப்பும். எந்த ரைடர் எந்தக் காலை முதலில் வைப்பார், எப்போது பயம் காட்டுகிறார், எப்போது உண்மையாகவே கை நீட்டுகிறார் என்பது நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினால்தான் பிடிபடும். அரை நொடி முன்னால் பாய்ந்தால் ரைடர் தாண்டிப் போய்விடுவார். அரை நொடி தாமதித்தால் கோட்டைத் தொட்டுவிடுவார். அதோடு டிஃபெண்டர் தனியாக ஆடவும் முடியாது. கார்னர் பிடித்த அடுத்த கணமே கவர் வந்து விழ வேண்டும். அந்தப் புரிதல் சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும்.

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

39 வயதில் ப்ரோ கபடி: யார் இந்த தர்மராஜ் சேரலாதன்?

தஞ்சாவூர் அருகே திருக்கானூர்பட்டியில் 1975-ல் பிறந்தவர் தர்மராஜ் சேரலாதன். கார்னர் டிஃபெண்டர். ப்ரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெரும்பாலான விளையாட்டுகளில் ஓய்வு பெற்று, கமென்ட்ரி சொல்லிக்கொண்டிருக்கும் வயது அது.

அவர் அப்போதுதான் டிவி வெளிச்சத்துக்கு வந்தார். 2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டன். இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என்று வீழ்த்தி அந்த அணி கோப்பை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணியில் இடம். இறுதிப் போட்டியில் ஈரானை 38-29 என்று இந்தியா வென்றது. அப்போது சேரலாதனுக்கு 41 வயது.

அதோடு நிற்கவில்லை. 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குக் கேப்டனாக இருந்தபோது 44 வயது. 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசனில் ஜெய்ப்பூர் அணிக்காக இறங்கியபோது 46. கூட ஆடியவர்களில் பலர் அவருடைய பிள்ளை வயதுக்காரர்கள். வடநாட்டு வீரர்கள்கூட அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். பிறகு 2024-ல் 11-வது சீசனில் தமிழ் தலைவாஸ் அணிக்கு உதயகுமாருடன் சேர்ந்து பயிற்சியாளராகவும் இருந்தார்.

இதைப் படித்துவிட்டு "அப்போ 40 வயசு வரைக்கும் டைம் இருக்கு" என்று நினைத்துவிடக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு. லீக் வருவதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் உள்ளூர், மாநில, தேசிய அளவில் ஆடிய அனுபவம் உள்ளவர். டிவி வெளிச்சம் இல்லாத அந்த ஆண்டுகள்தான் அவரை டிஃபெண்டர் ஆக்கின.

ஒரு டிஃபெண்டருக்கு இப்படி 10, 15 வருஷம் தேவைப்படலாம் என்றால், அந்தக் காலம் முழுக்க சாப்பாட்டுக்கு என்ன வழி? பள்ளி, கல்லூரி, வேலை என்ற படிகள் முக்கியமாவது இங்கேதான்.

முதல் படி: பள்ளி

கடலூரில் இருந்தாலும் சிதம்பரத்தில் இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டிய ஆள் பள்ளியின் பி.இ.டி. சார்தான். பள்ளி அணியில் இடம் பிடித்தால் அடுத்தடுத்து கதவு திறக்கும். குறுவட்ட அளவுப் போட்டி, அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்ட அளவு, அதற்குப் பிறகு மாநில அளவு. மாநில அளவில் நன்றாக ஆடி தமிழ்நாடு பள்ளி அணிக்குத் தேர்வானால், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிக்குப் போகலாம். அது 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவாக நடக்கிறது.

இதுபோக முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர், மாற்றுத்திறனாளிகள் எனத் தனித்தனிப் பிரிவுகள். பள்ளி அணியில் இடம் கிடைக்காத பையன்கூட வேறு பிரிவில் பதிவு செய்து ஆட முடியும். பதிவு ஆன்லைனில் நடக்கும். விவரம் வேண்டுமென்றால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். கடலூரில் அது மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டு அரங்கில் இருக்கிறது.

இன்னொரு வாய்ப்பு விளையாட்டு விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பல மாவட்டங்களில் விடுதிகளை நடத்துகிறது. 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேரும் மாணவர்களுக்குத் தேர்வுப் போட்டி வைத்து இடம் கொடுப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பயிற்சி எல்லாம் இலவசம். பக்கத்துப் பள்ளியில் படிப்பும் தொடரும். கோடை விடுமுறையை ஒட்டித்தான் அறிவிப்பு வரும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

ஊர்க் கோப்பை எல்லாம் கணக்கில் வருமா?

இது பலரும் தாமதமாகத் தெரிந்துகொள்ளும் விஷயம்.

ஒரு பையன் 50 ஊர்ப் போட்டியில் ஆடி, வீடு நிறையக் கோப்பை வைத்திருக்கலாம். அந்த ஆட்டங்களில் கிடைக்கும் அனுபவம் நிஜம். ஊரில் கிடைக்கும் மரியாதையும் நிஜம். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கோப்பைகளுக்கு மதிப்பெண் கிடையாது.

கணக்கில் வருபவை, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்கள் மட்டுமே. மத்திய அரசு வேலைக்கு இதற்கென்றே படிவங்கள் உண்டு. சர்வதேசப் போட்டிக்கு ஒரு படிவம், மாநில அணிக்காக ஆடிய தேசியப் போட்டிக்கு ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஒன்று, தேசியப் பள்ளிப் போட்டிக்கு ஒன்று. அந்தந்த அமைப்பின் பொறுப்பாளர் கையெழுத்து போட்டால்தான் செல்லும்.

அதனால் 'ஸ்டேட் லெவல்', 'நேஷனல் லெவல்' என்று பேனர் கட்டிய எல்லாப் போட்டியையும் நம்பிக் காசு கட்டிப் போகக் கூடாது. நடத்துவது யார், தமிழ்நாடு அமெச்சூர் கபடி கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, சான்றிதழ் எந்தப் படிவத்தில் வரும் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பி.இ.டி. சாரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மண்ணில் ஆடுறதும் மேட்டில் ஆடுறதும் ஒண்ணா?

இல்லை. ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் மண் தரையில் நடக்கின்றன. தேசியப் போட்டிகளும் ப்ரோ கபடியும் செயற்கை மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு நடக்கின்றன. ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்.

மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கும். மேட்டில் ஷூ கவ்விப் பிடிக்கும். ரைடர் சட்டென்று திசை மாற்றுவது மேட்டில் சுலபம். அதனால் மண்ணில் ஆடிப் பழகிய டிஃபெண்டர் முதல் தடவை மேட்டில் இறங்கினால் பாய்ச்சலின் கணக்கு தப்பும். கால் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பும்போது முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்தும் உண்டு. மாவட்ட அணிக்குத் தேர்வாக நினைக்கும் பையன், வாரத்தில் சில நாளாவது மேட்டில் பயிற்சி எடுக்க வழி தேடுவது நல்லது.

எடையும் முக்கியம். சீனியர் ஆண்கள் பிரிவில் 85 கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது. சப் ஜூனியர், ஜூனியர் பிரிவுகளுக்கும் வயது வரம்போடு எடை வரம்பும் உண்டு. போட்டிக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து எடை குறைப்பது பல ஊர்களில் நடக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் மோதல் ஆட்டம் ஆடுவது ஆபத்து.

இரண்டாவது படி: சிதம்பரமும் கல்லூரிக் கபடியும்

பிளஸ் டூ முடிந்ததும் பல பையன்களின் கபடி அங்கேயே நின்றுவிடுகிறது. பள்ளிப் போட்டி முடிந்துவிடும், வேலைக்கும் வயது வராது. இந்த இடைவெளியை நிரப்புவது கல்லூரி.

கடலூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. உடற்கல்வித் துறையும் பெரிய மைதானங்களும் அங்கே உண்டு. மாவட்டத்தில் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளும் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. விளையாட்டுப் பிரிவில் சேர்க்கைக்கும் கல்லூரிகளில் இடம் ஒதுக்குகிறார்கள்.

பாதை இப்படிப் போகும். கல்லூரி அணியில் இடம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அங்கே நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணி. பிறகு தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அதில் முன்னேறினால் அகில இந்தியப் போட்டி. அதற்கும் மேலே கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு.

டிஃபெண்டருக்கு இந்த மூன்று, நான்கு வருஷம் தங்கம் மாதிரி. வெளி மாநில ரைடர்களை முதல் தடவை எதிர்கொள்வது இங்கேதான். கூடவே கையில் ஒரு டிகிரி. பி.பி.எட். முடித்தால் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கும் கதவு திறந்திருக்கும்.

மூன்றாவது படி: வேலை கொடுக்கும் கபடி

கபடி வீரர்களைப் பல காலமாகக் காப்பாற்றி வருவது துறை வேலைகள்தான். ரயில்வே, ராணுவம், காவல்துறை, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் அணி வைத்திருக்கின்றன. வீரர் அங்கே ஊழியர். மாதச் சம்பளம் வரும், அந்த அணிக்காகவும் ஆடுவார். தேசிய சாம்பியன்ஷிப்பில் ரயில்வேயும் சர்வீசஸும் பலமான அணிகளாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவலர், எஸ்.ஐ. தேர்வுகளில் விளையாட்டு ஒதுக்கீடு 10 சதவீதம். மேலே சொன்ன சான்றிதழ்கள் கைகொடுக்கும் இடம் இது.

மாதச் சம்பளம் இருந்தால்தான் ஒரு டிஃபெண்டர் அவசரப்படாமல் 27, 28 வயது வரை தன் ஆட்டத்தைச் செதுக்க முடியும். ஒரு சீசன் லீக்கில் எடுக்கவில்லை என்றாலும் குடும்பம் தத்தளிக்காது.

நான்காவது படி: ப்ரோ கபடி

2014-ல் 8 அணிகளுடன் தொடங்கிய ப்ரோ கபடி, 2017-ல் 12 அணிகளாக வளர்ந்தது. தமிழ் தலைவாஸ் வந்ததும் அந்த ஆண்டில்தான்.

உள்ளே போக இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, ஏலம். இன்னொன்று, 'நியூ யங் பிளேயர்' எனப்படும் இளம் வீரர் பிரிவு. இந்தப் பிரிவில் எடுக்கப்படும் இளைஞர்கள் ஏலத்துக்கு வராமலே அணியோடு ஒப்பந்தம் போடுவார்கள். ஜூனியர் தேசியப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, 2022-ல் தொடங்கிய யுவா கபடி சீரிஸ் போன்ற இடங்களில் அணிகளின் ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

பணம் எவ்வளவு? 2023 அக்டோபரில் நடந்த 10-வது சீசன் ஏலத்தில் அடிப்படை விலை நான்கு பிரிவாக இருந்தது. ஏ பிரிவு 30 லட்சம், பி பிரிவு 20 லட்சம், சி பிரிவு 13 லட்சம், டி பிரிவு 9 லட்சம் ரூபாய். அந்த ஏலத்தில் பவன் ஷெராவத் என்ற ரைடரை தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கியது. ஈரானைச் சேர்ந்த முகமதுரேசா ஷாட்லூயி 2 கோடியே 35 லட்சத்துக்குப் போனார். அவர் பெயர் வாங்கியதே இடது கார்னரில் நின்று பிடித்ததால்தான்.

2018 ஏலத்தில் முதன்முதலில் ஒரு கோடியைத் தொட்டவரும் ஒரு டிஃபெண்டர்தான். அவரும் ஈரான்காரர். ஃபசல் அத்ராச்சலி. லீக்கில் 500-க்கும் மேற்பட்ட டேக்கிள் புள்ளி எடுத்தவர். ஆக, பிடிப்பவருக்கும் மதிப்பு இருக்கிறது.

ஆனால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 12 அணி, ஒரு அணிக்கு அதிகபட்சம் 25 பேர். மொத்தமே 300 இடம். அதில் வெளிநாட்டு வீரர்களும் உண்டு, ரைடர்களும் ஆல் ரவுண்டர்களும் உண்டு. மிச்சம் இருக்கும் இடத்துக்கு ஹரியானா, உத்தரப்பிரதேசம், மகாராஷ்டிரா, தமிழ்நாடு என நாடே போட்டி போடுகிறது. எடுத்த வீரரையும் அடுத்த சீசனில் விட்டுவிடலாம். லீக் நடப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான்.

வெளிநாட்டில் இந்தப் பாதை எப்படி இருக்கிறது?

மோதிப் பிடிக்கும் இன்னொரு ஆட்டத்தோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்கன் ஃபுட்பாலில் தடுப்பாட்டத்துக்கென்றே தனியாக 11 பேர் இறங்குவார்கள். அங்கே பாதை ஒரே நேர்கோடு. பள்ளி, கல்லூரி, அதற்குப் பிறகு தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். பள்ளி முடித்து குறைந்தது 3 ஆண்டு ஆகாதவரை ஒருவரை அந்த லீக்கில் சேர்க்க முடியாது. 32 அணிகள் 7 சுற்றுகளாக இளம் வீரர்களைத் தேர்வு செய்யும்.

இதில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். பிராண்டன் சில்லர். அப்பா இந்தியர். கலிஃபோர்னியாவில் பள்ளி, பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி, 2004-ல் நான்காவது சுற்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குத் தேர்வு. 'லைன்பேக்கர்' என்ற தடுப்பாட்ட இடம் அவருடையது. பிறகு கிரீன் பே பாக்கர்ஸ் அணிக்கு மாறினார். 2011 பிப்ரவரியில் அந்த அணி சூப்பர் பவுல் கோப்பையை வென்றது. ஆனால் தோள்பட்டைக் காயத்தால் சில்லர் அந்த இறுதிப் போட்டியில் இறங்க முடியவில்லை. அதே ஆண்டு அணி அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு அவர் அந்த லீக்கில் ஆடவே இல்லை.

28 வயதில் ஒருவருக்கு முடிந்தது, 39 வயதில் இன்னொருவருக்குத் தொடங்கியது. உடம்பால் ஆடும் தொழிலில் எப்போது என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில்லர் கல்லூரி வழியாகத்தான் அந்த லீக்குக்கே வந்தார். நம்ம ஊரில் படிப்பையும் ஆட்டத்தையும் கட்டி வைக்க அப்படி ஒரு விதி கிடையாது. அந்த வேலையை வீட்டுக்காரர்களும் பள்ளியும்தான் செய்ய வேண்டும்.

பண்ருட்டி சம்பவம் சொல்லும் பாடம்

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே நடந்த ஒரு கபடிப் போட்டியில், ரைடு போன கல்லூரி மாணவர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து உயிரிழந்தார். அந்த வீடியோ அப்போது பலருடைய போனுக்கும் வந்தது. கடலூர் மாவட்டத்தில் கபடி ஆடும் எந்தப் பையனின் வீட்டிலும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பிடிப்பவருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ரைடர் கீழே விழுந்த பிறகு மேலே பாய்வது, மார்பில் முழங்கால் ஊன்றுவது, கழுத்தைச் சுற்றி இழுப்பது எல்லாம் வீரம் ஆகாது. நல்ல கோச் முதலில் சொல்லிக்கொடுப்பது, எதிராளிக்கும் தனக்கும் அடிபடாமல் எப்படி விழுவது என்பதைத்தான்.

போட்டி நடத்துபவர்களுக்கும் சில கேள்விகள்: களத்துக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறதா? முதலுதவி தெரிந்த ஆள் இருக்கிறாரா? தரையில் கல், கண்ணாடி பொறுக்கப்பட்டதா? தலையில் அடிபட்ட வீரரை உடனே வெளியே அனுப்பும் நடுவர் இருக்கிறாரா? இதற்கெல்லாம் 'இல்லை' என்று பதில் வந்தால், எவ்வளவு பெரிய பரிசாக இருந்தாலும் அந்தப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்புவதை யோசிக்க வேண்டும்.

பெண்களுக்கு வழி இருக்கிறதா?

பள்ளி, விடுதி, கல்லூரி, துறை வேலை ஆகிய எல்லாப் படியும் பெண்களுக்கும் உண்டு. இல்லாதது கடைசிப் படி மட்டும். ப்ரோ கபடியில் பெண்களுக்கான லீக் கிடையாது. 2016-ல் மூன்று அணிகளோடு ஒரு தொடர் நடந்தது, பிறகு தொடரவில்லை.

ஆனாலும் வாய்ப்பு குறைந்துவிடவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டுமே தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். இருவருக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. சிதம்பரத்திலிருந்து வடுவூர் ரொம்ப தூரம் இல்லை.

சரி, இப்போ வீட்டில் என்ன முடிவெடுப்பது?

பையன் கபடிக்குப் போகட்டுமா, வேண்டாமா என்று கேட்டால், போகட்டும் என்பதுதான் பதில். ஆனால் சில விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

• படிப்பை நிறுத்த வேண்டாம். டிஃபெண்டருக்கு அவசரம் இல்லை. பள்ளியும் கல்லூரியும் அவனுடைய ஆட்டத்தை வளர்க்கும் இடங்கள்.

• ஒவ்வொரு அங்கீகாரச் சான்றிதழையும் ஒரிஜினல், ஜெராக்ஸ் இரண்டுமாகப் பத்திரப்படுத்துங்கள். பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வயது திருத்தி ஆட வைப்பவர்களிடம் சிக்க வேண்டாம். பிடிபட்டால் தடை.

• "லீக்கில் சேர்த்துவிடுகிறேன், பணம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அணியில் எடுத்தால் வீரருக்குத்தான் பணம் கொடுப்பார்கள்.

• முழங்கால், தோள்பட்டை வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் எண்ணெய் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

• 21, 22 வயதில் லீக்கில் வரவில்லை என்றால் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. அந்த வயதில் ஒரு வேலை கையில் இருந்தால், ஆட்டத்தைத் தொடர இன்னும் காலம் இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்கும் கடலூர் மாவட்டத்தில் லைட் கட்டுவார்கள், மைக் கட்டுவார்கள். கார்னரில் நின்று ரைடரின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களும் இருப்பார்கள். அதில் யார் டிவியில் வருவார் என்று இப்போதே சொல்ல முடியாது. பள்ளிச் சான்றிதழை ஃபைலில் போட்டு வைத்திருக்கும் பையனுக்கு, அது நடக்காமல் போனாலும் போலீஸ் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கும்.